மூளை தெளிவாகத்தான் இருந்தது: 'ஹாம்சன்' படமும் அதன் பின்னால் இருக்கும் வழக்கும்

1945 மே மாதம் நார்வே விடுதலை அடைந்தபோது அந்த நாட்டு அரசுக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. ஐந்து ஆண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் எதிரிக்கு உதவியவர்களைப் பிடித்து விசாரிக்க வேண்டும். அதில் யாருக்கும் இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் நட் ஹாம்சன் பெயரும் இருந்தது. 1920இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். இப்சனுக்கு அடுத்தபடி உலகம் அறிந்த நார்வே எழுத்தாளர். வயது 85, காது ஏறக்குறைய முழுச் செவிடு. அந்த ஐந்து ஆண்டும் ஹிட்லர் பக்கம் நின்று பத்திரிகைகளில் எழுதியவர். சுடவும் முடியாது, சும்மா விடவும் முடியாது.

அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. கிழவரை ஆஸ்லோவில் விண்டரன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1945 அக்டோபரிலிருந்து 1946 பிப்ரவரி வரை நான்கு மாதம் போல அங்கே வைத்து ஆராய்ந்தார்கள். பேராசிரியர் காப்ரியேல் லாங்ஃபெல்ட்டும் இன்னொரு மருத்துவரும் கொடுத்த அறிக்கையின் சாரம் இது: இவர் பைத்தியம் இல்லை, ஆனால் மனத்திறன் நிரந்தரமாகப் பலவீனப்பட்டவர். அதைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவியல் வழக்கு வேண்டாம் என்று அரசுத் தரப்பு முடிவெடுத்தது. நாட்டுக்கு இழப்பீடு கட்டச் சொல்லும் வழக்கு மட்டும் நடந்தது.

ஸ்வீடன் இயக்குநர் யான் ட்ரோல் 1996இல் எடுத்த 'ஹாம்சன்' படத்தை அந்த மருத்துவ அறிக்கைக்கு எழுதப்பட்ட ஒரு நீண்ட மறுப்பாகவே நான் பார்க்கிறேன். வயசாகிவிட்டது, மூளை கலங்கிவிட்டது, பாவம் என்ற சமாதானத்தை அந்தப் படம் ஏற்கவில்லை. பலர் இதை ஹாம்சனுக்கு வக்காலத்து வாங்கும் படம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூளை தெளிவாக இருந்தது என்று சொன்ன மாத்திரத்தில், எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அந்த ஆள் பொறுப்பாகிவிடுகிறார். அரசாங்கம் திறந்துவிட்ட பின்வாசலைப் படம் இழுத்துச் சாத்துகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் வழக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

எழுத்தாளரும் கட்டுரையாளரும்

ஹாம்சன் தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் இல்லை. நோபல் பரிசு வாங்கித் தந்த அவருடைய நாவலை 'நிலவளம்' என்ற பெயரில் க.நா.சு. மொழிபெயர்த்தார். அதைப் படித்தவர்களுக்கு ஈசாக்கை மறக்க முடியாது. ஆள் அரவமில்லாத காட்டுக்குள் நடந்து போய், மண்ணைக் கொத்தி, குடிசை போட்டு, ஒரு பண்ணையையே உண்டாக்குகிறவன் அவன். அவனிடம் வந்து சேருகிற இங்கருக்கு உதடு பிளந்திருக்கும். ஊரார் கேலிக்குப் பயந்து வாழ்ந்த அவள், தனக்கும் அதே பிளவுடன் ஒரு பெண் குழந்தை பிறந்ததும் அதைக் கொன்றுவிடுகிறாள். சிறைக்குப் போகிறாள். அங்கே அவள் உதட்டுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆளே மாறித் திரும்பி வருகிறாள். அவளை நாவலாசிரியர் ஓர் இடத்தில்கூடத் தூற்றுவதில்லை.

அந்த நாவல் வந்தது 1917இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1915இல், இதே ஹாம்சன் பத்திரிகையில் சிசுக்கொலை பற்றி ஒரு விவாதத்தைக் கிளப்பியிருந்தார். குழந்தையைக் கொல்லும் பெற்றோருக்குக் கொடுக்கும் தண்டனை போதாது, தூக்கில் போடுங்கள் என்று எழுதினார். அவரை எதிர்த்து எழுதியவர்களில் சிக்ரித் உண்ட்செட்டும் ஒருவர். 1928இல் நோபல் பரிசு வாங்கப்போகிற அந்த உண்ட்செட்தான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வழக்கின் பாதி புரிந்துவிடுகிறது. நாவல் எழுதும்போது ஒரு மனிதனுக்குள் இருக்கும் பத்து முரண்களையும் பொறுமையாகப் பார்க்கிற அதே ஆள், பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியில் வெட்டிவிடுவார். இந்தக் குணம் ஹிட்லர் காலத்தில் வந்ததல்ல. முதுமையில் வந்ததும் அல்ல. 1880களில் இரண்டு முறை அமெரிக்கா போய்க் கூலிவேலை உட்படப் பலதும் செய்துவிட்டுத் திரும்பியவர், 1889இல் அந்த நாட்டின் பண்பாட்டை வறுத்தெடுத்து ஒரு புத்தகம் போட்டார். இங்கிலாந்தின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு போயர் போர்க் காலத்திலிருந்தே தொடர்ந்தது. முதல் உலகப் போரிலும் ஜெர்மனி பக்கமே நின்றார். ஜெர்மனி அவரைக் கொண்டாடிய நாடு, இளம் வயதிலேயே அவர் புத்தகங்களை வாங்கிப் படித்த நாடு. அந்த நன்றி அவருக்குக் கடைசிவரை இருந்தது.

'பசி' வெளிவந்தது 1890இல். வேலையில்லாமல், சோறில்லாமல் கிறிஸ்டியானியா (இன்றைய ஆஸ்லோ) தெருக்களில் அலையும் ஓர் எழுத்தாளனின் தலைக்குள் ஓடுவதை அப்படியே எடுத்து வைத்த நாவல். இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை முழுக்க ஹாம்சனிலிருந்து கிளம்பியது என்று ஐசக் பாஷவிஸ் சிங்கர் பின்னாளில் எழுதினார். சிங்கர் போலந்தில் பிறந்த யூதர். இளமையில் ஹாம்சனின் நாவல்களை யித்திஷ் மொழிக்குக் கொண்டுபோனவர். இந்தத் தகவலை நான் ஒரு நிவாரணமாகச் சொல்லவில்லை. தன்னைக் கொண்டாடிய வாசகர்கள் யார் யார் என்று தெரியாமலே ஒருவர் எந்தப் பக்கம் போய் நின்றார் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

எழுதிய வரிகள்

1935இல் ஹாம்சன் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கியைத் தாக்கி எழுதினார். ஒசியெட்ஸ்கி ஜெர்மானியப் பத்திரிகையாளர், போர் எதிர்ப்பாளர், அப்போது நாஜி வதைமுகாமில் இருந்தார். அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுக்க வேண்டும் என்று உலகெங்கும் குரல் எழுந்திருந்த நேரம். முகாமில் அடிபட்டுக் கிடக்கும் மனிதரைப் பார்த்து, தப்பிக்க வழி இருந்தும் வேண்டுமென்றே தங்கி மாட்டிக்கொண்டவர் என்ற ரீதியில் எழுதினார் ஹாம்சன். நார்வே எழுத்தாளர்கள் 33 பேர் சேர்ந்து கண்டன அறிக்கை விட்டார்கள். ஒசியெட்ஸ்கிக்குப் பரிசு கிடைத்தது. 1938இல் அவர் இறந்தும் போனார்.

தேதியைக் கவனியுங்கள். இது போருக்கு முன்னால் நடந்தது. ஹாம்சனுக்கு எந்த மூளைத் தாக்கும் வராத காலம். பாராட்டாகவோ கண்டனமாகவோ அவர் காதில் எதுவும் விழவில்லை என்றும் சொல்ல முடியாது. 33 பேர் கையெழுத்துப் போட்டு அச்சில் சொன்னது அவர் கண்ணுக்கு எட்டியிருக்கத்தான் வேண்டும்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. மே மாத ஆரம்பத்தில் ஹாம்சனின் வேண்டுகோள் வந்தது: நார்வேக்காரர்களே, துப்பாக்கியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், ஜெர்மானியர்கள் நம் எல்லோருக்காகவும்தான் போராடுகிறார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் உண்ட்செட்டின் மூத்த மகன் ஆண்டர்ஸ், நார்வே ராணுவத்தில் இளம் அதிகாரி, ஜெர்மானியப் படையுடன் நடந்த சண்டையில் செத்துப்போயிருந்தான். உண்ட்செட் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஒரே நாட்டின் இரண்டு நோபல் எழுத்தாளர்கள் அந்த ஒரு வசந்தத்தில் எங்கெங்கே நின்றார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் 1943. மே மாதம் பெர்லினில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் தன் நோபல் பதக்கத்தையே அவருக்கு அனுப்பிவைத்தார். லட்சிய எழுத்துக்குத்தான் நோபல் இந்தப் பரிசை வைத்தார், உங்களைப்போல ஐரோப்பாவுக்காகவும் மனிதகுலத்துக்காகவும் லட்சியத்தோடு எழுதியவர் வேறு யார் என்ற பொருளில் ஒரு கடிதமும் கூடவே போனது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் வழக்கைத் திரித்ததாகிவிடும். ஜெர்மானியர்கள் கைது செய்தவர்களுக்காகவும் மரண தண்டனை விதித்தவர்களுக்காகவும் மன்னிப்புக் கேட்டு ஹாம்சன் தந்திமேல் தந்தி அடித்தார். ரொனால்ட் ஃபாங்கன் என்ற எழுத்தாளர் கைதானபோது நேரே போய், நார்வேயை ஆண்டுகொண்டிருந்த ஜெர்மானிய ஆணையர் யோசஃப் தெர்போவனிடம் பேசினார். தெர்போவன் ஒரு கட்டத்துக்குமேல் இந்தக் கிழவரின் மனுக்களைக் கேட்டு அலுத்துப்போனார். ஆக, தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. யாரைச் சுடப்போகிறார்கள் என்று தெரிந்துதான் தந்தி அடித்தார். சுடுகிறவர்களைப் பாராட்டியும் அதே கையால் எழுதினார்.

படம் எங்கே கேமராவை வைக்கிறது

டென்மார்க் எழுத்தாளர் தோர்கில் ஹன்சன் 1978இல் ஹாம்சன் வழக்கைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி நார்வேயில் புயலைக் கிளப்பினார். நீதி என்ற பெயரில் ஒரு முதியவரை அலைக்கழித்தார்கள் என்பது அவர் கோபம். படம் அந்தப் புத்தகத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது. திரைக்கதை எழுதியவர் பெர் ஓலோவ் என்க்விஸ்ட். ஜெர்மன் ராணுவ உடையில் போரிட்டு, ஸ்வீடனில் தஞ்சம் புகுந்து, 1946இல் சோவியத் யூனியனிடம் ஒப்படைக்கப்பட்ட பால்டிக் நாட்டுச் சிப்பாய்களைப் பற்றி 1968இலேயே ஓர் ஆவண நாவல் எழுதியவர் அவர். போர்க்காலக் குற்றத்தையும் அதற்குப் பிந்தைய நாட்டு மனசாட்சியையும் பற்றி ஸ்காண்டிநேவியாவில் அவரளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. தேர்ந்த கைகளுக்குத்தான் விஷயம் போய்ச் சேர்ந்தது.

1935இல் தொடங்கி 1952இல் ஹாம்சன் இறக்கும்வரை படம் போகிறது. இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓடும். ஹாம்சனாக மேக்ஸ் வான் சிடோ. அவர் மனைவி மரியாக கீத்தா நோர்பி. ஸ்வீடன்காரரான வான் சிடோ ஸ்வீடிஷிலேயே பேசுகிறார், டென்மார்க்கைச் சேர்ந்த நோர்பி டேனிஷிலேயே பேசுகிறார், சுற்றியுள்ளவர்கள் நார்வீஜியன் பேசுகிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று புரியக்கூடிய மொழிகள் என்றாலும் நார்வே மக்களுக்கு இது காதில் உறுத்தியிருக்கும். தங்கள் நாட்டின் மகத்தான உரைநடைக்காரர் பக்கத்து நாட்டு மொழியில் பேசுவதை யார்தான் லேசாக எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் எனக்கு இது படத்துக்குப் பலம் சேர்த்ததாகவே படுகிறது. ஒரு கூரையின்கீழ் முப்பது ஆண்டு வாழ்ந்த இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காமலே சண்டை போடுவதை வசனம் இல்லாமலே இது காட்டிவிடுகிறது.

நோர்ஹோல்ம் பண்ணை வீட்டுக்குள்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மரி நடிகையாக இருந்தவர். 1909இல் ஹாம்சனைக் கட்டிக்கொண்டதோடு மேடையை விட்டார். நான்கு பிள்ளைகள், பண்ணை வேலை, எழுதுவதற்காக எங்காவது விடுதியில் போய்த் தங்கிவிடும் கணவன். தானும் குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார், அவை ஜெர்மனியில் நன்றாக விற்றன. ஹாம்சனுக்கு ஜெர்மன் வராது, மரிக்கு வரும். கணவனின் காது போகப்போக வெளியுலகச் செய்திகள் பெரும்பாலும் மனைவி வழியாகவே வந்தன. நார்வே நாஜிக் கட்சியில் மரி முறைப்படி சேர்ந்தார், ஜெர்மனி முழுக்கப் பயணம் செய்து வாசிப்பு நிகழ்ச்சிகள் நடத்தினார். நோர்பி இந்தப் பெண்ணை வில்லியாகவும் ஆக்கவில்லை, பாவப்பட்டவளாகவும் ஆக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருத்திக்குத் திடீரென்று ஒரு கட்சி, ஒரு மேடை, ஒரு கைதட்டல் கிடைத்தால் முகத்தில் எப்படி ஒளி வரும் என்பதை அவர் நடித்துக் காட்டும்போது பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் இங்கேதான் படத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இருக்கிறது. கேமரா இவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருந்தால், வீட்டுச் சண்டைதான் அரசியலுக்குக் காரணம் என்று ஒரு பார்வையாளர் எடுத்துக்கொள்வதற்கு வழி ஏற்பட்டுவிடுகிறது. மரிதான் கெடுத்தாள் என்று நார்வேயில் சொல்பவர்கள் இருந்தார்கள். 1889, 1915, 1935 ஆகிய தேதிகளைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அந்த எண்ணம் வராது. படம் 1935இல் தொடங்குவதால் முன்கதை தெரியாதவருக்கு வந்துவிடலாம்.

பெர்க்ஹோஃப், 1943 ஜூன் 26

படத்தின் உச்சம் ஹிட்லருடன் நடக்கும் சந்திப்பு. வரலாற்றிலும் அது அப்படித்தான். நடந்ததைக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதால் ஏறக்குறைய என்னென்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியும்.

வியன்னாவில் பத்திரிகையாளர் மாநாட்டில் இங்கிலாந்தைத் திட்டி உரையாற்றிவிட்டு ஹாம்சன் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஹிட்லரின் பெர்க்ஹோஃப் மாளிகைக்கு வருகிறார். மொழிபெயர்ப்பாளராக எகில் ஹோல்ம்போ என்ற நார்வேக்காரர். ஹிட்லருக்கு ஒரு மேதையோடு கலையைப் பற்றிப் பேச ஆசை. எழுதுகிறவனுக்கு ஊக்கம் எப்படி வருகிறது என்பது மாதிரி அளக்க ஆரம்பிக்கிறார். ஹாம்சனுக்கு அதில் துளியும் அக்கறை இல்லை. அவர் வந்தது தெர்போவனைப் பற்றிப் புகார் சொல்ல. நார்வேயின் கப்பல் தொழில், நார்வேயின் எதிர்காலம் என்று ஆரம்பித்து நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். தெர்போவனின் முறைகள் எங்களுக்கு ஒத்துவராது, அந்தப் பிரஷ்ய அதட்டலைத் தாங்க முடியவில்லை, அப்புறம் அந்த மரண தண்டனைகள், இனிமேல் எங்களால் முடியாது என்கிறார்.

அந்தக் கடைசிப் பகுதியை ஹோல்ம்போ மொழிபெயர்க்கவில்லை.

ட்ரோல் இந்தக் காட்சியை எடுத்திருக்கும் விதம் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. காது கேளாதவர் என்பதால் ஹாம்சன் தேவைக்குமேல் சத்தமாகப் பேசுகிறார். எதிராளி பேசி முடித்துவிட்டாரா என்று தெரியாமல் குறுக்கே பேசுகிறார். ஹிட்லரைக் குறுக்கே வெட்டிப் பேசும் துணிச்சல் அப்போது ஐரோப்பாவில் அனேகமாக யாருக்கும் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் இந்தப் பக்கம் கூர்மையை மழுக்கி, அந்தப் பக்கம் வழவழவென்று எதையோ சொல்லிச் சமாளிக்கிறார். ஹிட்லராக நடிக்கும் ஏர்ன்ஸ்ட் யாக்கோபியின் முகம் மரியாதையிலிருந்து எரிச்சலுக்கும் எரிச்சலிலிருந்து ஆத்திரத்துக்கும் போகிறது. தெர்போவன் போர்ப் பணிக்கு வந்தவர், வேலை முடிந்ததும் ஜெர்மனியில் தன் ஊரான எஸ்ஸனுக்குத் திரும்பிவிடுவார் என்று பதில் வருகிறது. கிழவர் விடுவதாக இல்லை. கண்ணில் நீர் வழிய மறுபடியும் அதையே சொல்கிறார். ஹிட்லர் எழுந்து போய்விடுகிறார். இந்த மாதிரி ஆட்களை இனி இங்கே அழைத்து வராதீர்கள் என்று பின்னால் கத்தியதாகவும் பதிவு இருக்கிறது.

இந்தக் காட்சியில் வான் சிடோவைப் பார்க்கும்போது நமக்குக் கிழவர்மேல் மதிப்பு வருகிறது. வரத்தான் செய்யும், மறுப்பதற்கில்லை. சர்வாதிகாரியின் வீட்டுக்கே போய் அவன் நியமித்த ஆளை மாற்றச் சொல்வது சாதாரண விஷயமா? ஆனால் அந்த மதிப்பிலேயே நின்றுவிட்டால் படத்தைப் பாதிதான் பார்த்தோம் என்று அர்த்தம். மரண தண்டனைகளைப் பற்றி ஹிட்லர் முகத்துக்கு நேரே சொன்ன ஆளுக்கு, மரண தண்டனைகள் நடப்பது தெரியும். தான் கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் எதை விட்டார் என்பது வேண்டுமானால் தெரியாமல் இருந்திருக்கலாம். எழுந்து போன முதுகைப் பார்க்கக் காது தேவையில்லையே.

அந்தச் சந்திப்புக்கு எட்டு மாதம் முன்னால், 1942 அக்டோபரில், நார்வேயில் யூத ஆண்களைக் கைது செய்யும் வேலை தொடங்கியிருந்தது. நவம்பர் 26 அன்று 'டோனாவ்' என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களை ஆஸ்லோ துறைமுகத்திலிருந்து ஏற்றி, ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். நார்வேயிலிருந்து மொத்தம் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள், சில டஜன் பேர்தான் திரும்பினார்கள். பெர்க்ஹோஃபில் ஹாம்சன் கொண்டுபோன புகார்ப் பட்டியலில் இவர்கள் இல்லை.

1945 மே 7

ஹிட்லர் செத்த செய்தி வந்ததும் நார்வே நாஜிக் கட்சிக்காரர்களே எந்தச் சட்டையைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். போர் முடிய ஒரு நாள்தான் பாக்கி. அந்த நேரத்தில் 'அஃப்தன்போஸ்தன்' இதழில் ஹாம்சன் எழுதிய இரங்கல் குறிப்பு வந்தது. ஹிட்லர் மனிதகுலத்துக்காகப் போராடிய வீரர், எல்லா நாடுகளுக்கும் உரிய நீதியின் நற்செய்தியைச் சொன்னவர், அவரைப் பற்றி உரக்கப் பேச நான் தகுதியற்றவன், அவருடைய நெருங்கிய ஆதரவாளர்களாகிய நாங்கள் தலை வணங்குகிறோம் என்று நாலைந்து வரி. குடும்பத்தினர் தடுக்கப் பார்த்தார்கள். விழுந்துபோன ஒருவருக்குச் செய்யும் மரியாதை என்று மகனிடம் சொன்னார்.

இந்தக் குறிப்புக்கு எந்தச் சலுகையும் செல்லாது. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால் ஒரு காசு லாபமில்லை, நஷ்டம் மட்டுமே. பிழைப்புக்காக எழுதியவர்களுக்கு இருக்கும் சாக்குகூட இவருக்குக் கிடையாது. நம்பித்தான் எழுதினார். இரண்டு ஆண்டு முன்னால் தன்னிடம் முதுகைத் திருப்பிக்கொண்டு போன ஆளைத்தான் நீதியின் தூதர் என்கிறார். வான் சிடோவின் ஹாம்சன் இதைப் பிடிவாதத்தோடும் ஒருவித நிமிர்வோடும் செய்கிறார். நிமிர்வைக் காட்டியதற்காகப் படத்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்த நிமிர்வு இல்லாமல் காட்டினால்தான் பொய்யாகியிருக்கும். தளர்ந்துபோன ஒருவரின் உளறலாக இதைக் காட்டியிருந்தால் லாங்ஃபெல்ட்டின் அறிக்கையோடு படமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

மருத்துவமனையும் நீதிமன்றமும்

விண்டரனில் ஹாம்சனிடம் வாய்விட்டுப் பேச வைக்க முடியாத டாக்டர்கள், சிறையிலிருந்த மரியை வரவழைத்து அவர்களுடைய தாம்பத்திய வாழ்க்கையைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவர் சொன்னது அறிக்கையில் ஏறியது. அது தெரிந்ததும் ஹாம்சன் மனைவியோடு உறவை முறித்துக்கொண்டார். 1950வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஒரு மனிதரின் அரசியல் குற்றத்தை விசாரிக்க வேண்டிய இடத்தில் அவர் படுக்கையறையை விசாரித்தார்கள். படத்தின் கோபம் இந்த இடத்தில் நியாயமானது, எனக்கும் அதே கோபம் உண்டு.

1947 டிசம்பர் 16 அன்று க்ரிம்ஸ்தாத்தில் வழக்கு நடந்தது. 88 வயதுக் கிழவர் எழுந்து நின்று தன் தரப்பைத் தானே சொன்னார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன், காது கேளாது, நீ எழுதுவது தப்பு என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை, இளைஞர்கள் வீணாகச் சாகக் கூடாது என்றுதான் எழுதினேன், இரவும் பகலும் தந்தி அடித்தேன் என்றார். இன்னும் நூறு ஆண்டில் இதெல்லாம் மறந்துபோகும் என்ற பொருளிலும் பேசினார். உரை கச்சிதமானது. ஒரு வழக்கறிஞர்கூட அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்க முடியாது. மனத்திறன் பலவீனப்பட்டவர் என்ற சான்றிதழ் அந்த உரையிலேயே கிழிந்துபோனது.

ஆனால் உரையின் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது. யாரும் சொல்லவில்லை என்கிறாரே, அந்த 33 பேர்? மகனைப் பறிகொடுத்து நாட்டைவிட்டுப் போன உண்ட்செட்? தன் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லி இவரிடம் கெஞ்சிய குடும்பங்கள்? வாசகர்கள் அவருடைய புத்தகங்களைத் திருப்பி அனுப்பினார்கள், பண்ணை வேலிக்குமேல் வீசிவிட்டுப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

கட்சி உறுப்பினரா இல்லையா என்பதில்தான் நீதிமன்றம் மல்லுக்கட்டியது. சட்டம் படித்த நீதிபதி, உறுப்பினர் என்று நிரூபணமாகவில்லை என்றார். கூட இருந்த சாதாரணக் குடிமக்கள் இருவரும் உறுப்பினர்தான் என்றார்கள். பெரும்பான்மைப்படி 4,25,000 குரோன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. 1948 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை 3,25,000 ஆகக் குறைத்தது. அவர் சொத்தை வழித்தெடுத்துவிடும் தொகை அது. அட்டை வைத்திருந்தாரா, சந்தா கட்டினாரா என்று இத்தனை மணி நேரம் அலசியவர்கள், எல்லோரும் படித்த கட்டுரைகளை விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகப் பெரிய ஏமாற்றம் இதுதான். ஒரு எழுத்தாளரை அவர் எழுத்துக்காக நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பை அந்த நாடு தவறவிட்டது. மருத்துவ அறிக்கை அதற்கு வசதியாகத் திரை போட்டது.

1949இல் அவருடைய கடைசிப் புத்தகம் வந்தது. காவலில் இருந்த ஆண்டுகளின் நினைவுக் குறிப்பு. அதை வெளியிட்ட கில்டண்டால் பதிப்பகத்தின் தலைவர் ஹரால்ட் க்ரீக்கை ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர்கள் கைது செய்து முகாமில் வைத்திருந்தார்கள். அவர் தம்பி, கவிஞர் நூர்தால் க்ரீக், 1943 டிசம்பரில் பெர்லின்மேல் பறந்த குண்டுவீச்சு விமானத்தில் போய் உயிர்விட்டவர். அந்த க்ரீக்தான் இந்தப் புத்தகத்தை அச்சிட்டார். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, நான் எழுதுவதை முடிக்கிறேன் என்று புத்தகம் முடிகிறது. நடையில் ஒரு சுருதி பிசகவில்லை. தன்னைக் காவலில் வைத்திருந்த முதியோர் இல்லத்தின் சிறு சிறு காட்சிகளைச் சொல்லும்போது 'பசி' எழுதிய இளைஞனின் கண் அப்படியே இருக்கிறது. வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரியும் அதில் இல்லை. தொண்ணூறை எட்டிய ஒருவரால் இப்படி எழுத முடிந்தது என்று வாசகர்கள் வியந்தார்கள். இப்படி எழுத முடிந்தவரால் அப்படியும் எழுத முடிந்தது என்பதைச் சேர்த்தே வியக்க வேண்டும்.

ஒரே இயக்குநரின் இன்னொரு ஆள்

ட்ரோல் 2012இல் இன்னொரு வாழ்க்கைப் படம் எடுத்தார். டோர்க்னி செகர்ஸ்டெட் என்ற ஸ்வீடன் பத்திரிகை ஆசிரியரைப் பற்றியது. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இலிருந்தே அவரை எதிர்த்து எழுதியவர், சொந்த அரசாங்கம் வாயை மூடச் சொன்னபோதும் நிறுத்தாதவர், போர் முடிவதற்குச் சில வாரம் முன்னால் இறந்தவர். ஹாம்சனுக்கு நேர் எதிர். ஆனால் வீட்டுக்குள் அவரும் மனைவியைப் புண்படுத்துகிறார், பதிப்பாளரின் மனைவியோடு உறவு வைத்திருக்கிறார், தன் பெருமையில் மயங்குகிறார். கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்தப் படத்தில் ட்ரோல் அதையெல்லாம் கொஞ்சமும் பூசி மெழுகவில்லை.

'ஹாம்சன்' பற்றி நான் மேலே சொன்ன குறைக்கு இந்தப் படம்தான் பதில் என்று நினைக்கிறேன், பதினாறு ஆண்டு தாமதமாக வந்தாலும். மோசமான கணவராக இருந்தும் செகர்ஸ்டெட் சரியான பக்கத்தில் நின்றார். அப்படியென்றால் நோர்ஹோல்ம் வீட்டுச் சண்டைகளுக்குள் ஹாம்சனின் அரசியலைத் தேடிப் பயனில்லை. தேட வேண்டியது அவருடைய மேசையில்தான். 1889லிருந்து 1945வரை அவர் பத்திரிகைக்கு எழுதியவற்றை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தால், இங்கிலாந்தின்மேல் வெறுப்பு, வலியவன்மேல் மோகம், மறுப்புச் சொல்கிறவன்மேல் அலட்சியம் ஆகிய மூன்றும் விடாமல் கூடவே வருகின்றன. 'ஹாம்சன்' பார்க்க நினைக்கிறவர்கள் ஒசியெட்ஸ்கி விவகாரத்தையும் மே 7 குறிப்பையும் முதலில் படித்துவிட்டு உட்காருங்கள். பெர்க்ஹோஃப் காட்சி அப்போது வேறு மாதிரி தெரியும்.